7. பெயர்களை எழுதி வைக்கும் ஏடு

பூந்தமல்லியிலோ ஆவடியிலோ மனை வாங்கப் போகிறவர், முன்பணத்தைக் கையில் எடுக்கும் முன் ஈசி போட்டுப் பார்ப்பார். வில்லங்கச் சான்று என்பது அதன் முறையான பெயர். பத்திர எழுத்தரின் மேசை முன் போய் நின்றால், அவர் தேடலைத் தொடங்க இரண்டு விவரம் போதும்.

"எந்தக் கிராமம், சர்வே நம்பர் என்னன்னு சொல்லுங்க சார். எத்தனை வருஷத்துக்குப் போடணும்?"

"முப்பது வருஷத்துக்குப் போட்டுடுங்கண்ணே. லோன் கேக்கிற இடத்துல அப்படித்தான் சொன்னாங்க."

இன்று இந்தத் தேடல் கணினியில் நடக்கிறது. கணினி வருவதற்கு முன்பும் சார் பதிவாளர் அலுவலகங்களில் இது நடந்துகொண்டுதான் இருந்தது. அடுக்கடுக்காகத் தொகுதிகள் இருக்கும் அறையில், முப்பது ஆண்டுகளில் பதிவான பத்திரங்களுக்கு நடுவே, ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணைத் தொட்ட பத்திரங்களை மட்டும் ஒருவர் எப்படிக் கண்டெடுத்தார்?

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் பதிவாகும். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் வைக்கச் சொல்கிறது சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஒன்று ஆட்களின் பெயர்ப்படி. மற்றொன்று சொத்தின் விவரப்படி. அட்டவணையில் பத்திரத்தின் வாசகம் இருக்காது. எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று கைகாட்டும் ஒரு வரிதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரி தொலைந்துவிட்டால், பத்திரம் அறைக்குள் பத்திரமாக இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை எந்த வடிவில் எழுதி வைப்பது என்ற கேள்வி, மென்பொருள் உலகில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு, 2024-இல்தான் ஒரு நல்ல விடையை எட்டியது.

தாய்ப்பத்திரமும் கமிட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் லேத் பட்டறைகளுக்கும் வார்ப்பட ஆலைகளுக்கும் உதிரிபாகத் தொழிற்கூடங்களுக்கும் இடமாக எழுந்தது. இன்று அதே தெருக்களில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அவற்றுக்குள் வேலை செய்யும் நிரலாளர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் திறப்பது கிட் என்ற கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது அது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து அதைப் பராமரித்து வருபவர் ஜூனியோ ஹமானோ. ஒரு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதையும் கிட் காத்து வைக்கிறது.

அந்த வரலாற்றின் அலகுக்குக் கமிட் என்று பெயர். ஒரு கமிட்டைக் கிரயப் பத்திரம் போல எண்ணிக்கொள்ளலாம். கிரயப் பத்திரத்தில், விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் எழுதியிருக்கும். தாய்ப்பத்திரம் என்கிறோம். கமிட்டும் அப்படியே தன் தாய்க் கமிட்டின் அடையாளத்தைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். கடைசிக் கமிட் கையில் கிடைத்துவிட்டால் போதும். தாய், தாயின் தாய் என்று பின்னோக்கி நடந்து முதல் நாள் வரை போய்விடலாம்.

அந்தக் கடைசிக் கமிட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்த 40 குறிகள் கொண்ட நீண்ட சரம். மனித மூளையில் தங்காது. அதனால் நிரலாளர்கள் கிளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். முதன்மைக் கிளை, கட்டணத் திருத்தம், தீபாவளி வெளியீடு. பெயரைச் சொன்னால் கமிட்டைக் காட்டும் அந்த இணைப்புக்குக் கிட் பேச்சில் ரெஃப் என்று பெயர். நாம் பெயர்ச்சுட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

எந்தப் பெயர்ச்சுட்டியிலிருந்தும் நடந்து எட்ட முடியாத கமிட்டைக் கிட் குப்பையாகவே கருதும். சிறிது காலம் பொறுத்திருந்து அழித்துவிடும். ஆக, மூன்று மாத உழைப்பு வட்டில் நிலைத்திருப்பதும் கரைந்து போவதும் ஒரு பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நாற்பத்தொரு பைட்

கிட்டின் முதல் விடை மிக எளிமையானது. ஒரு பெயருக்கு ஒரு கோப்பு. ரெப்போவின் (ஒரு மென்பொருளின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் சேமிப்பகம்) மறைவான கிட் கோப்புறைக்குள் ரெஃப்ஸ் என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஹெட்ஸ், அதற்குள் கிளையின் பெயரில் ஒரு சிறு கோப்பு. திறந்து பார்த்தால் 40 குறிகளும் ஒரு வரிமுடிவும் இருக்கும். மொத்தம் 41 பைட். கிளையை நகர்த்த வேண்டுமானால் கோப்பை மாற்றி எழுதினால் தீர்ந்தது. அழிக்க வேண்டுமானால் கோப்பை நீக்கினால் தீர்ந்தது. எந்த எடிட்டரிலும் திறந்து கண்ணால் படிக்கலாம். மனைக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு வைப்பது போன்ற முறை.

பத்து இருபது கிளைகள் இருக்கும் வரை இதைவிட நல்ல முறை இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. பெரும்பாலான கோப்பு அமைப்புகள் வட்டின் இடத்தை 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரித்துத் தருகின்றன. 41 பைட் கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தீப்பெட்டிக்கு ஓர் அறை ஒதுக்குவதைப் போல, நூறில் ஒரு பங்கு இடம்தான் பயன்படும்.

"ஒரு ரெப்போவில் அத்தனை கிளைகளா இருக்கப் போகின்றன?" என்று தோன்றலாம். மனிதர்கள் வைக்கும் கிளைகள் குறைவுதான். ஆனால் மறு ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்கள் தாமாகவே ஒரு பெயரை உருவாக்குகின்றன. கெரிட் என்ற மறு ஆய்வுக் கருவி, ஒரு மாற்றத்தின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனிப் பெயர் வைக்கிறது. கெரிட் வழியே வளரும் ஆண்ட்ராய்டின் ஒரு ரெப்போவை 2017-இல் அளந்தபோது அதில் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பெயர்ச்சுட்டிகள் இருந்தன. அத்தனையும் தனிக் கோப்புகளாக இருந்தால் உள்ளடக்கம் மூன்றரைக் கோடி பைட். பிடிக்கும் இடமோ முந்நூற்றைம்பது கோடி பைட். எல்லாப் பெயர்களையும் பட்டியலிட வேண்டுமானால் கணினி எட்டரை லட்சம் கோப்புகளைத் திறந்து மூட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 41 பைட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கணினி மீண்டும் எழுந்ததும் அந்தக் கோப்பு இருந்தும் உள்ளே ஒன்றும் இல்லாமல் போகலாம். கிளை தன் முகவரியை இழந்துவிடும். இதைத் தடுக்க, பெயர்ச்சுட்டிகளை வட்டில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் மேலே நகரும் ஏற்பாடு 2022-இல் வந்த 2.36 பதிப்பில்தான் கிட்டுக்கு வந்தது.

ஒரே பேரேடு

எண்ணிக்கைச் சிக்கலுக்கு 2006-லேயே ஒரு மருந்து கண்டார்கள். துண்டுச்சீட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே பேரேட்டில் வரிசையாக எழுதிவிடுவது. பேக்டு-ரெஃப்ஸ் என்று அந்தக் கோப்புக்குப் பெயர். ஒரு வரியில் ஒரு பெயர், அதன் 40 குறிகள், அகரவரிசையில். புதிதாக மாறுகிற கிளைகள் மட்டும் துண்டுச்சீட்டாக இருக்கும். அவ்வப்போது அவையும் பேரேட்டில் சேரும். ஒரு பெயரைத் தேடும்போது முதலில் துண்டுச்சீட்டைப் பார்த்து, இல்லையென்றால் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

இடம் மிச்சமாயிற்று. படிப்பதும் வேகமாயிற்று. ஆனால் பேரேட்டின் நடுவே ஒரு வரியை நீக்க என்ன செய்வது? கணினிக் கோப்பில் நடுவரியை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மீதி முழுவதையும் புதிய கோப்பில் படியெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ரெப்போவின் பேரேடு 62.2 மெகாபைட். ஒரே ஒரு கிளையை அழிக்க 62 மெகாபைட்டைத் திரும்ப எழுதுவது, ஒரு மனையின் குறிப்பை அடிக்க அலுவலகத்தின் அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதச் சொல்வது போன்றது. அதே நேரத்தில் இன்னொருவர் இன்னொரு கிளையை அழிக்க வந்தால் அவர் வரிசையில் நிற்க வேண்டும்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் இருந்தது. பத்துக் கிளைகளை ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டிய தேவை அடிக்கடி வரும். மென்பொருளின் பத்துப் பகுதிகளும் ஒன்றாகத்தான் புதிய பதிப்புக்குப் போக வேண்டும். ஒன்பது போய் ஒன்று நின்றுவிட்டால் கூடாது. ஆனால் பத்துக் கிளைகளும் பத்துக் கோப்புகள் என்றால், கணினி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மாற்றும். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே யாராவது படிக்க வந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பார்ப்பார். அந்த நொடியில் கணினி நின்றுபோனால் அந்தப் பாதிநிலையே நிரந்தரமாகிவிடும்.

கொரட்டூர் என்று ஒரு கிளை

கோப்பின் பெயரையே கிளையின் பெயராக வைப்பதில் மற்றொரு தொல்லை. கோப்புப் பெயர் எப்படி இருக்கலாம் என்பதைக் கிட் தீர்மானிப்பதில்லை. கணினியின் கோப்பு அமைப்பு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் அது வேறு.

லினக்ஸ் சர்வரில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் லாகின் கிளையும் சிறிய எழுத்தில் தொடங்கும் லாகின் கிளையும் இரண்டு தனிக் கோப்புகள். விண்டோஸ் மடிக்கணினிக்கு இரண்டும் ஒன்றே. சர்வரிலிருந்து இரண்டையும் இறக்கினால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும்.

தமிழில் இது இன்னும் நுட்பமாகிறது. சென்னை–அரக்கோணம் வழித்தடத்துக்கு ஒரு செயலி எழுதும் குழு, நிலையங்களின் பெயரிலேயே கிளைகளுக்குப் பெயர் வைக்கிறது என்று கொள்வோம். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி. இவற்றில் கொரட்டூரின் முதல் எழுத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கொ என்பதை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் வகையில் கொரட்டூர் 9 குறியீடுகள், 27 பைட். இரண்டாம் வகையில் 10 குறியீடுகள், 30 பைட். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள்.

ஆப்பிளின் பழைய கோப்பு அமைப்பு, கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பிரித்து எழுதும் வழக்கமுடையது. 27 பைட்டில் வைத்த கொரட்டூரைத் திரும்பக் கேட்டால் 30 பைட்டாகத் தரும். "இது யார், நான் வைத்த கிளை எங்கே?" என்று கிட் குழம்பும். இதைச் சமாளிக்கவே 2012-இல் கிட்டில் ஒரு தனி அமைப்பு சேர்க்க வேண்டியிருந்தது. தமிழில் பெயர் வைக்க நினைக்கிற நமக்கு, பெயர்கள் கோப்பு அமைப்பின் தயவில் இருக்கக் கூடாது என்பது வெறும் வசதிப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. நம் எழுத்து நாம் எழுதியபடியே இருக்க வேண்டும் என்கிற உரிமை அது.

ஷான் பியர்ஸின் ஏடு

2017-இல் கூகுளில் வேலை செய்த ஷான் பியர்ஸ் என்ற பொறியாளர் ஒரு புதிய வடிவத்தை முன்வைத்தார். கிட்டின் தொடக்க காலப் பங்களிப்பாளர்; கெரிட்டையும், ஜாவா மொழியில் கிட்டை எழுதிய ஜேகிட்டையும் தொடங்கியவர். தன் வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் ரெஃப்டேபிள்.

அதற்கு முன் கையிலிருந்த மாற்றுவழிகளையும் அவர் எடைபோட்டார். பேரேட்டை அமுக்கிச் சுருட்டி வைக்கலாமே என்றால், இடம் மிச்சமாகும், நடுவே ஒரு பெயரை எடுக்க எல்லாவற்றையும் விரித்தாக வேண்டும். எல்எம்டிபி என்ற ஆயத்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாமே என்று டேவிட் டர்னர் என்ற நிரலாளர் 2015-இல் நிரலே எழுதிக் காட்டியிருந்தார். ஆனால் அது சி மொழி நூலகம், ஜாவாவில் இயங்கும் ஜேகிட்டுக்கு ஒத்துவராது. பெயர்களையும் கமிட்டுகள் போலவே கிட்டுக்குள் சேமிக்கலாம் என்று பியர்ஸே முன்பு ஒரு வழியைச் செய்து பார்த்திருந்தார். பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய குவியல் வளர்ந்துகொண்டே போயிற்று. இவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் அவர் வேலைக்கேற்ற ஏட்டைத் தாமே வரைந்தார்.

அந்த ஏட்டின் முதல் உத்தி நம் பத்திரங்களில் நெடுங்காலமாக இருப்பது. பழைய பத்திரங்களிலும் கணக்குகளிலும் ௸ என்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். மேற்படி என்று பொருள். மேலே எழுதியதைத் திரும்ப எழுத வேண்டாம் என்பதற்கான சுருக்கம். ரெஃப்டேபிள் அதைத்தான் செய்கிறது. அடுத்தடுத்து மூன்று கிளைகள் இருந்தால் இப்படி எழுதும்:

ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/ஆவடி-கட்டணம்
௸ நேரம்
௸ பயணச்சீட்டு

பெயர்கள் வரிசைப்படி இருப்பதால் அடுத்தடுத்த பெயர்களின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். முந்தைய பெயரில் எத்தனை பைட் வரை மேற்படி, அதன்பின் புதிதாக என்ன என்பதை மட்டும் எழுதினால் போதும். கமிட்டின் அடையாளத்தையும் 40 எழுத்தாக விரிக்காமல் 20 பைட்டாகவே வைத்துவிடுகிறது.

மேற்படிக் குறியில் ஒரு தொந்தரவு உண்டு என்பது பழைய கணக்கைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். நடுப்பக்கத்தைத் திறந்து ௸ என்று பார்த்தால் எதன் மேற்படி என்று அறிய மேலே மேலே போக வேண்டும். பியர்ஸ் இதற்கும் வழி செய்தார். ஏடு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கிட்டில் ஒரு கட்டம் வழக்கமாக 4,096 பைட். கட்டத்துக்குள் 16 பெயர்களுக்கு ஒருமுறை மேற்படி இல்லாமல் முழுப்பெயரும் எழுதப்படும். தேடுபவர் அந்த முழுப்பெயர்களை மட்டும் பாதி பாதியாகத் தாண்டிப் போய், சரியான இடத்தில் இறங்கி, அதிகம் போனால் 16 வரி படித்தால் போதும். எந்தக் கட்டத்துக்குப் போவது என்று சொல்ல பெயர்க் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு அட்டவணை இருக்கும்.

பதிவுச் சட்டத்தின் இரண்டு அட்டவணைகள் நினைவிருக்கிறதா? ஆள் பெயர்ப்படி ஒன்று, சொத்துப்படி ஒன்று. ரெஃப்டேபிளிலும் இரண்டுக்கும் இடமுண்டு. பெயரைச் சொன்னால் கமிட்டைத் தருவது ஒன்று. கமிட்டைச் சொன்னால் அதைச் சுட்டும் பெயர்களைத் தருவது மற்றொன்று.

பலன் என்ன? அதே ஆண்ட்ராய்டு ரெப்போவின் 62.2 மெகாபைட் பேரேடு 36.1 மெகாபைட்டாகக் குறைந்தது. எல்லாப் பெயர்களையும் படிக்க ஜேகிட் எடுத்த நேரம் 402 மில்லி நொடியிலிருந்து 112 மில்லி நொடியாயிற்று. ஒரே ஒரு பெயரைத் தேடப் பேரேட்டில் 400 மில்லி நொடிக்கு மேல் ஆனது. ரெஃப்டேபிளில் சுமார் 34 மைக்ரோ நொடி. பன்னிரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். பேரேட்டையும் பாதி பாதியாகத் தாண்டித் தேடும் முறை பிறகு சி மொழிக் கிட்டில் வந்து இந்த இடைவெளியைக் குறைத்தது. ஆனால் ஒரு வரியை நீக்க முழுவதையும் எழுதும் தண்டனை அதன் பிறகும் மாறவில்லை.

ரத்துப் பத்திரமும் அடுக்குப் பாத்திரமும்

அந்தத் தண்டனையை நீக்கிய உத்திதான் இந்த வடிவத்தின் உயிர். அதுவும் பதிவு அலுவலக வழக்கத்தோடு பொருந்துவதுதான்.

பதிவான பத்திரத்தை யாரும் கிழிப்பதில்லை. தவறு இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவார்கள். செல்லாது என்றால் ரத்துப் பத்திரம் எழுதுவார்கள். அதுவும் ஒரு புதிய பத்திரமாகப் புதிய எண்ணோடு பதிவாகும். பழையது பழைய இடத்தில் அப்படியே கிடக்கும். தேடுபவர் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் படித்தால் இன்றைய நிலை தெரிந்துவிடும்.

ரெஃப்டேபிளில் எழுதி முடித்த ஏட்டை மறுபடி தொடுவதே இல்லை. கிளை நகர்ந்தால், அந்த மாற்றத்தை மட்டும் ஒரு புதிய சிற்றேட்டில் எழுதி மேலே அடுக்குகிறது. கிளை அழிந்தால், "இந்தப் பெயர் ரத்து" என்ற ஒரு வரியை எழுதி அடுக்குகிறது. எந்தெந்த ஏடுகள், எந்த வரிசையில் என்பதைச் சொல்ல ஒரு சிறு பட்டியல் கோப்பு உண்டு. பெயரைத் தேடும்போது மேலேயுள்ள ஏட்டிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது.

பத்துக் கிளைகளைச் சேர்த்து நகர்த்தும் கேள்விக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. பத்து மாற்றங்களையும் ஒரே சிற்றேட்டில் எழுதி முடித்து, பிறகு புதிய பட்டியலைப் பழைய பட்டியலின் இடத்தில் ஒரே அசைவில் வைக்கிறது. படிக்க வருபவர் கையில் பழைய பட்டியல் இருக்கும், அல்லது புதியது இருக்கும். நடுநிலை என்று ஒன்று கிடையாது. கரண்ட் போனாலும் பாதி எழுதிய சிற்றேடு பட்டியலில் சேராமல் அநாதையாகக் கிடக்குமே தவிர, யாரையும் தவறான இடத்துக்கு அனுப்பாது.

சிற்றேடுகள் பெருகிக்கொண்டே போனால் தேடல் மெதுவாகுமே? வீட்டில் அடுக்குப் பாத்திரம் வைத்திருப்பதைப் போல ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். கீழே பெரியது, மேலே போகப் போகச் சிறியது. ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. இந்த ஒழுங்கு கலைந்தால் அந்த ஏடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஏடாக்கிவிடும். ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பதால், ஒரு லட்சம் பதிவுகளுக்கும் பதினேழு ஏடுகளுக்கு மேல் போகாது. பெரிய ஏட்டை அரிதாகவும் சிறியவற்றை அடிக்கடியும் எழுதுவதால் மொத்த உழைப்பு குறைகிறது.

பதிவு அலுவலகத்தோடு ஒப்புமை முடிகிற இடமும் இதுதான். ஏடுகளைச் சேர்த்து ஒன்றாக்கும்போது, ரத்து வரியும் அது ரத்து செய்த வரியும் சேர்ந்தே மறையும். பதிவுத் துறை எதையும் மறக்காது. கிட் தேவையில்லாததை மறக்கும்.

பியர்ஸ் 2018 ஜனவரியில் காலமானார். தன் வடிவம் கிட்டுக்குள் வருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. கூகுளின் ஹான்-வென் நீன்ஹூய்ஸ் அதைச் சி மொழியில் எழுதத் தொடங்கினார். கிட்லேப் நிறுவனத்தின் பாட்ரிக் ஸ்டைன்ஹார்ட் அதை முடித்துக் கிட்டில் சேர்த்தார். 2024 ஏப்ரலில் வந்த 2.45 பதிப்பில் ரெஃப்டேபிள் எல்லோருக்கும் கிடைத்தது. அந்த ஜூலையில் வந்த 2.46-இல், பழைய ரெப்போவை இருந்த இடத்திலேயே புதிய வடிவத்துக்கு மாற்றும் கிட் ரெஃப்ஸ் மைக்ரேட் கட்டளையும் வந்தது. ஒருவர் வரைந்து, இன்னொருவர் எழுதி, மூன்றாமவர் முடித்துவைக்க ஏழு ஆண்டுகள். உலகத்தின் நிரல்களில் பெரும்பகுதி எந்தத் தளத்தின் மேல் நிற்கிறதோ அதை அவசரப்பட்டு மாற்றக் கூடாது என்ற பொறுப்புணர்வை நான் இதில் பார்க்கிறேன்.

எதைத் தேர்வது

நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

எத்தனை பெயர்கள்? சில நூறு என்றால் கோப்பு முறையே தாராளம். ஆயிரக்கணக்கைத் தாண்டிவிட்டால், அதிலும் தானியங்கிக் கருவிகள் தினமும் கிளைகளை உருவாக்கி அழிக்கும் இடமானால், ரெஃப்டேபிள்தான் சரி.

எத்தனை கைகள்? ரெஃப்டேபிளில் எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர் ஒரு கணம் காத்திருந்து எழுதுவார். தனித்தனிக் கோப்பில் வேறு வேறு கிளைகளை ஒரே நேரத்தில் எழுதலாம். ஆனாலும் சேர்ந்தே மாற வேண்டியவை பாதியில் உடையாது என்ற உறுதியோடு ஒப்பிட்டால், அந்த ஒரு கணக் காத்திருப்பு சிறிய விலை.

எந்தக் கணினிகள்? லினக்ஸ் சர்வர், விண்டோஸ், ஆப்பிள் மடிக்கணினிகள் கலந்த குழுவுக்குப் புதிய வடிவம் நிம்மதி தரும். பெயர் ஏட்டுக்குள் பைட்டாக இருப்பதால் எந்தக் கணினியும் அதை மாற்றி எழுதாது. ஒரு எச்சரிக்கை: ஒருவர் 27 பைட்டிலும் மற்றவர் 30 பைட்டிலும் கொரட்டூர் என்று எழுதினால் அவை இரண்டு கிளைகளாகவே இருக்கும். எல்லோரும் ஒரே வகை விசைப்பலகையில் எழுதுவது குழுவின் பொறுப்பு. கட்டணம் என்று ஒரு கிளை இருக்கும்போது அதன்கீழ் கட்டணம்/மாதச்சீட்டு என்று இன்னொன்று வைக்க முடியாது என்ற பழைய விதியும் நீடிக்கிறது. கோப்பும் கோப்புறையும் ஒரே பெயரில் இருக்க முடியாத முறைக்கு நாளை திரும்பிப் போக வேண்டி வந்தாலும் வழி அடைபடக் கூடாது அல்லவா?

நாலாவது கேள்விதான் முக்கியமானது. யார் படிக்கிறார்கள்? கிட்டின் வழியே கேட்காமல் நேரடியாகக் கோப்பைத் திறந்து கிளையின் பெயரைப் படிக்கும் சிறு நிரல்கள் பல அலுவலகங்களில் உண்டு. ரெஃப்டேபிளில் அவை திறக்கும் கோப்பில் செல்லாத ஒரு பெயர்தான் இருக்கும். 2.45-க்கு முந்தைய கிட்டும் அந்த ரெப்போவைத் திறக்காது. அந்தச் சிறு நிரல்களைக் கிட் ரெவ்-பார்ஸ் போன்ற கட்டளைகளின் வழியே கேட்கும்படி திருத்திவிட்டுத்தான் மாற வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இந்தத் தேர்வு உங்கள் ரெப்போவுக்குள் மட்டும். சர்வர் ரெஃப்டேபிளிலும் உங்கள் மடிக்கணினி பழைய முறையிலும் இருந்தாலும், இரண்டும் பேசிக்கொள்வதில் வேறுபாடில்லை. மாற்றிய பிறகு பிடிக்கவில்லையென்றால் திரும்பவும் வரலாம். மாற்றும் நேரத்தில் மட்டும் வேறு யாரும் அந்த ரெப்போவில் எழுதக் கூடாது.

வரவிருக்கும் கிட் 3.0 பதிப்பில் புதிய ரெப்போக்கள் எல்லாம் ரெஃப்டேபிளிலேயே பிறக்கும் என்று கிட் திட்டத்தினர் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்காகக் காத்திருக்காமல், நாளைக் காலை அலுவலகம் போனதும் உங்கள் குழுவின் ரெப்போவில் கிட் ஃபார்-ஈச்-ரெஃப் என்ற கட்டளையைக் கொடுங்கள். வருகிற வரிகளை எண்ணுங்கள். நீங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால், மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலில் ஒரு நகலில் மாற்றிப் பாருங்கள். உங்கள் கருவிகள் எல்லாம் படிக்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகு உண்மையான ரெப்போவைத் தொடுங்கள். ஈசி பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. பல ஆண்டு உழைப்பு எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.